இடது பக்கம் ஒன்பது புள்ளி இரண்டு

12 ஜூன், திங்கள்

டாக்டர் பெர்னதெத் இன்று முதல் தினமும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார். வலி இருந்ததா, எந்தப் பக்கம், வயிறு உப்பியதா, தீட்டு என்றைக்கு வந்தது, எத்தனை நாள் இருந்தது. "ஒரு வரி போதும்" என்றார். பத்தொன்பது வருடமாக நீதிமன்றத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சராக உட்கார்ந்து, அடுத்தவர்கள் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருப்பவளிடம் ஒரு வரி என்றால் எப்படி?

முறைப்படி ஆரம்பிக்கிறேன். பெயர் சங்கரவடிவு. வயது 42. கோவில்பட்டியில் அம்மாவுடன் வாசம். இரண்டு மாதமாக அடிவயிற்றின் இடது பக்கம் ஒரு கனம். வலி என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் நிற்பவர் தன் பையை நம் மடியில் வைத்துவிட்டு, எடுக்காமலே இறங்கிப் போய்விட்ட மாதிரி ஒரு கனம். சுடிதார் நாடாவை இரண்டு விரல் தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது.

அம்மா இதை வாயு என்கிறாள். அம்மாவின் மருத்துவத்தில் கழுத்துக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே வருவதெல்லாம் வாயு. இரண்டு மாதமாகப் பூண்டும் பெருங்காயமும் சாப்பிட்டதில் அலுவலகத்தில் எனக்கென்று தனி மின்விசிறி கிடைத்திருக்கிறது. கனம் குறையவில்லை.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதித் தந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் பயப்படவில்லை.

13 ஜூன், செவ்வாய்

வலி இல்லை. பயமும் இல்லை. இதை டாக்டர் கேட்கவில்லை. இருந்தாலும் பதிவு செய்கிறேன்.

15 ஜூன், வியாழன்

அரை நாள் விடுப்பு. காரணம் என்ற இடத்தில் 'சொந்த அலுவல்' என்று எழுதினேன். இதைவிடச் சொந்தமான அலுவல் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

ஸ்கேன் சென்டரின் சுவர் முழுக்கக் குழந்தைகள். ரோஜாப்பூவுக்குள் ஒரு குழந்தை, முட்டைக்கோசுக்குள் ஒன்று, கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பது ஒன்று. நடுவில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்பதை இங்கே சொல்ல மாட்டோம் என்று பலகை. மற்றதையெல்லாம் சத்தமாகவே சொல்கிறார்கள்.

வரவேற்பில் ஷர்மிளா என்று ஒரு பெண். சீட்டைப் பார்க்காமலே கேட்டாள்.

"எத்தன மாசம்க்கா?"

"ரெண்டு மாசமா இருக்கு" என்றேன். நான் கனத்தைச் சொன்னேன். அவள் 'எட்டு வாரம்' என்று எழுதிக்கொண்டாள். அதை அடிக்க வைப்பதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அடித்த இடத்தில் சுருக்கொப்பம் போடச் சொன்னேன். தொழில் பழக்கம். அதிலிருந்து அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை.

ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார வேண்டும். மூத்திரப்பை நிறைந்தால்தான் குடல் ஒதுங்கிக் கர்ப்பப்பையும் சினைப்பையும் திரையில் தெரியுமாம். கால் மணிக்கு ஒருமுறை ஷர்மிளா எழுந்து நின்று, "யாருக்கெல்லாம் ஃபுல் ஆயிட்டு?" என்று கேட்பாள். நாங்கள் ஒன்பது பெண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கை தூக்க வேண்டும். இரண்டு பேரின் கணவர்கள் செல்போனை உற்றுப் பார்த்தார்கள். தாங்க முடியாமல் போய்விட்டு வந்த ஓர் அக்காவுக்கு மறுபடியும் ஒரு லிட்டர் விதிக்கப்பட்டது. என் முறை வந்தபோது டாக்டர் டீ குடிக்கப் போயிருந்தார். குறுக்கு விசாரணை முடியும்வரை அசையாமல் உட்கார்ந்து பழகிய உடம்பு என்பதால் தாக்குப்பிடித்தேன்.

ஸ்கேன் டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தார், பிறகு திரையை. ஐஸ் மாதிரி ஒரு பசையைத் தடவி, ததும்பிக்கொண்டிருந்த இடத்தின் மேலேயே கருவியை வைத்து அழுத்தினார்.

"கேஸ் நெறய இருக்கும்மா" என்றார். அம்மா கேட்டிருந்தால் வெற்றி விழா எடுத்திருப்பாள்.

பிறகு அவர் அதே இடத்தில் நாலைந்து தடவை கருவியைச் சுற்றினார். பக்கத்தில் தட்டச்சு செய்த பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். இடது சினைப்பை. கட்டி. ஒன்பது புள்ளி இரண்டுக்கு ஏழு புள்ளி ஆறு சென்டிமீட்டர். என் விரல் தானாக அதைச் சுருக்கெழுத்தில் படுக்கை விரிப்பின் மேல் எழுதியது.

"என்ன கட்டி டாக்டர்?"

"மேல வச்சுப் பாத்தா இவ்வளவுதான் தெரியும். உள்வழி ஸ்கேன் எடுத்தாத்தான் சொல்ல முடியும். உங்க டாக்டரப் பாருங்க."

அறிக்கையில் என் பெயருக்கு முன்னால் 'திருமதி'. ஒரு லிட்டர் தண்ணீரில் எனக்குக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள்.

16 ஜூன், வெள்ளி

அம்மாவுக்கு சென்டிமீட்டர் தெரியாது. "எம்புட்டுட்டி இருக்கும்?" என்று கேட்டாள். சாத்துக்குடியைவிடக் கொஞ்சம் பெரிது என்றேன். எதிர்வீட்டு ஜெயராணி டீச்சர் வந்தபோது அம்மா அதை மாதுளம்பழம் என்றாள். டீச்சர் தெருமுனைக்குப் போவதற்குள் அது தேங்காய் ஆகியிருந்தது. அந்த வேகத்தில் கட்டி வளர்ந்திருந்தால் நான் இன்று எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

டீச்சர் போனதும் அம்மா கதவைச் சாத்தினாள். விளாத்திகுளத்திலிருந்து ஒரு வரன் வருகிறதாம். மனைவியை இழந்தவர், ஐம்பத்தொரு வயது, ஜூலை இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்களாம். "அதுவரைக்கும் யாருகிட்டயும் வாயத் தெறக்காத" என்றாள்.

"டீச்சர்ட்ட நீதானம்மா சொன்ன?"

"நான் பழத்தப் பத்தில்லா சொன்னேன்."

19 ஜூன், திங்கள்

டாக்டர் பெர்னதெத் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். பிறகு மேசையில் இருந்த காகிதத்தில் ஒரு வீடு வரைந்தார்.

"பாருங்க வடிவு. மேல வச்சுப் பாக்கது, ரோட்டுல நின்னு காம்பவுண்டுக்கு மேல எட்டிப் பாக்க மாதிரி. வீடு இருக்கு, இன்ன அளவுல இருக்குன்னு தெரியும். உள்வழியாப் பாக்கது, ஜன்னலுக்குப் பக்கத்துல போய் நிக்க மாதிரி. கருவி சினைப்பைக்குக் கிட்டயே போயிரும், குடல், கேஸ் எதுவும் மறைக்காது. கட்டிக்குள்ள வெறும் தண்ணியா, கெட்டியா ஏதும் இருக்கா, சுவரு எப்படி இருக்குன்னு தெரியும். அப்பவே டாப்ளரும் போடச் சொல்லியிருக்கேன். உள்ள ரத்தம் ஓடுதான்னு கலர்ல காட்டும்."

"ஓடினால்?"

"கெட்டியா இருந்து, அதுக்குள்ள ஓடவும் செஞ்சா, வேற மாதிரி யோசிக்கணும்."

வேற மாதிரி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. நீதிமன்றத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், சில கேள்விகளைக் கேட்டால் பதில் பதிவாகிவிடும்.

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கணும். கல்யாணம் ஆச்சான்னு கேக்கல. உடலுறவு இருந்திருக்கான்னு கேக்கேன். இல்லன்னா இந்த ஸ்கேன் கஷ்டமா இருக்கும், எம்.ஆர்.ஐ.க்கு எழுதுவேன். ஸ்கேனுக்காகத்தான் கேக்கேன், ஊருக்காக இல்ல."

நான் பதில் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். புருவத்தை உயர்த்தவில்லை, பேனாவை நிறுத்தவில்லை. பத்தொன்பது வருடத்தில் இவ்வளவு நல்ல விசாரணையை நான் பார்த்ததில்லை.

பதிலை இங்கே எழுதவில்லை. அம்மா இந்த நோட்டைப் படிக்கிறாள். போன வாரம் 13ஆம் தேதிப் பக்கத்தில் மஞ்சள் கறை இருந்தது.

(இங்கே ஆறு வரி சுருக்கெழுத்தில் எழுதியிருக்கிறேன். மதுரையில் பயிற்சிக்குப் போன வருடம் பற்றி. பதினான்கு வருடம் ஆகிவிட்டது. அதில் வருந்துவதற்கு ஒன்றும் இல்லை, அங்கே பழகியவர் கிளம்பிப் போன விதத்தைத் தவிர.)

21 ஜூன், புதன்

அலுவலகத்திலேயே ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன். அரசு ஊழியருக்கு முந்தைய உத்தரவு ரத்தாகும்வரை அதுவே அமலில் இருக்கும்.

"ஐயோ, இந்த ஸ்கேனுக்கு யூரினே இருக்கக் கூடாதுக்கா. போய்ட்டு வாங்க" என்றாள் ஷர்மிளா. அந்த ஓர் உத்தரவை மட்டும் முழு மனதோடு நிறைவேற்றினேன்.

திரும்பி வந்ததும் படிவத்தை எடுத்தாள்.

"மேரேஜ் ஆச்சா?"

"இல்லை."

பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப இது எடுக்க மாட்டோம்க்கா."

"டாக்டர் எழுதியிருக்காங்களே."

"எழுதியிருந்தாலும் அன்மேரிடுக்கு எடுக்க மாட்டோம். மேரிடா இருந்தா ஹஸ்பெண்டு கையெழுத்து வாங்கிட்டு எடுப்போம்."

"ஹஸ்பெண்டுக்கா ஸ்கேன்?"

"ஃபார்முல அப்படித்தான் இருக்கு. அப்பா வந்திருக்காங்களா?"

"இறந்துட்டாங்க."

"அண்ணன், தம்பி?"

தம்பி திருப்பூரில் இருக்கிறான். அவனுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். என் சினைப்பையைப் பார்க்க அவன் அனுமதி தர வேண்டும் என்று தெரிந்திருந்தால் இன்னும் அழகாகக் கற்றுக்கொடுத்திருப்பேன்.

மேலாளர் வந்தார். பவ்யமான மனிதர், நெற்றியில் பட்டை. "மேடம், உங்க நன்மைக்குத்தான். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"என்ன ஆகும் சார்?"

அவர் ரோஜாப்பூவுக்குள் இருந்த குழந்தையைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"எனக்கு நாற்பத்திரண்டு வயது. என் உடம்புக்கு என் கையெழுத்துப் போதும் என்பதுதான் சட்டம். எடுக்க மாட்டீர்கள் என்றால் காரணத்தை எழுதிக் கொடுங்கள்" என்றேன். எழுத்து என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. எங்கள் நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சிகளுக்கு மாறுகிற மாதிரி.

"அதெல்லாம் எழுதித் தர முடியாது மேடம். வேணும்னா மேல வச்சு இன்னொரு தடவ பாத்திரலாம். ஷர்மிளா, மேடத்துக்குத் தண்ணி குடு."

23 ஜூன், வெள்ளி

மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நாலு பக்கம். பிழை இல்லை.

இடது பக்கம் கொஞ்சம் வலி. கொஞ்சம்தான்.

24 ஜூன், சனி

சமையல் எரிவாயுவைப் போனிலேயே பதிவு செய்ய அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தேன். மின்சார அட்டை, வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று காட்டினேன். பீரோவைத் துடைத்து ஒவ்வொரு தட்டிலும் சீட்டு ஒட்டினேன். வெகு நாளாகச் செய்ய நினைத்தது. இதற்கும் எதற்கும் சம்பந்தமில்லை.

அம்மா சீட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உள்வழின்னா எந்த வழிட்டி?" என்று கேட்டாள். சொன்னேன். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாவ? ரெண்டாந்தேதி கழியட்டும்."

"கட்டி காத்திருக்குமாம்மா?"

"மாப்பிள்ளைக்கே இருவது வருசம் காத்திருந்தோம். கட்டி எட்டு நாள் காத்திருக்காதா?"

27 ஜூன், செவ்வாய்

பாகப்பிரிவினை வழக்கு. சாட்சி வாக்குமூலத்தை அச்செடுத்து மேசையில் வைத்தேன். நீதிபதி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"சாட்சி பேரு செண்பகம். நீங்க எப்பம்மா கூண்டுல ஏறினீங்க?"

பெயர் என்ற இடத்தில் சங்கரவடிவு என்று அடித்திருக்கிறேன். வயது 42. பத்தொன்பது வருடத்தில் முதல் பிழை. மின்விசிறிக் காற்றில் தூக்கம் வந்துவிட்டது என்றேன். அவர் நாலு மணிக்கே வீட்டுக்குப் போகச் சொன்னார்.

2 ஜூலை, ஞாயிறு

விளாத்திகுளத்துக்காரர்கள் ஏழு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் மாணிக்கவாசகம். அவருடைய அக்காதான் பேசினார்.

"பொண்ணுக்கு ஒடம்புக்கு ஏதும் இருக்கா?"

"வாயுத் தொந்தரவு மட்டுந்தான்" என்றாள் அம்மா.

பெண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசட்டும் என்று எங்களை மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் காக்காயை விரட்டியபடியே, தன் அம்மா படுக்கையில் இருப்பதாகவும் வீட்டில் ஒரு பெண் துணை இல்லாமல் சிரமமாக இருப்பதாகவும் சொன்னார். வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற தேர்வுகூட இவ்வளவு நேரடியாக இருக்காது. ஆனாலும் பொய் சொல்லவில்லை. அதற்காக மனிதரைப் பாராட்ட வேண்டும். நானும் உண்மையே சொன்னேன்.

"எனக்கு இடது சினைப்பையில ஒரு கட்டி இருக்கு. ஒன்பது புள்ளி இரண்டு சென்டிமீட்டர்."

கை தூக்கியபடி நின்றார். "கேன்சருங்களா?"

"தெரியாது. தெரிஞ்சுக்க ஒரு ஸ்கேன் எடுக்கணும். கல்யாணம் ஆகலேன்னு எடுக்க மாட்டேங்காங்க."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப கல்யாணம் முடிஞ்ச பெறகு எடுத்துக்கலாமே" என்றார். பிறகு அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் மாடிப்படி இறங்கிவிட்டார்.

சாயங்காலம் போன் வந்தது. ஜாதகத்தில் ஏதோ தோஷமாம். எந்த வீட்டில் என்று அவர்கள் சொல்லவில்லை. இடது பக்கமாக இருக்கும்.

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். மீந்த கேசரியைக் கிண்ணத்தில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, "நாளைக்கு டாக்டருட்ட நானும் வாரேன்" என்றாள்.

3 ஜூலை, திங்கள்

ஸ்கேன் சென்டரில் நடந்ததைக் கேட்டு டாக்டர் பெர்னதெத் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பாளையங்கோட்டையில் ஒரு பெண் டாக்டர் ஸ்கேன் பார்க்கிறார் என்று அங்கே போன் செய்து, வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கி, ஒரு கடிதமும் எழுதித் தந்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது கர்ப்பப்பை, சினைப்பை, மார்புல கட்டி வந்திருக்கா? அக்கா, தங்கச்சி?"

"எனக்குக் கூடப் பொறந்தவங்களே கெடையாது" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்து காபி போட்டாள். அடுப்பு மேடையைப் பார்த்தபடியே, திரும்பாமல் பேசினாள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதில் மஞ்சள் கறை பட்டாலும் பரவாயில்லை.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. ஆறுமுகக்கனின்னு பேரு. நீ என் வயித்துல ஏழு மாசம் இருக்கையில அவளுக்கும் வயிறு வீங்குச்சு. இருவத்தி மூணு வயசு, கல்யாணம் ஆகல. ஒரே வீட்டுல ரெண்டு வயிறு. எனக்கு வளையல் போட்டு, சோறாக்கிப் போட்டு ஊரக் கூப்பிட்டாவ. அவள உள் அறையில வச்சுப் பூட்டுனாவ. எவன்டி, எவன்டின்னு கேட்டு எங்கய்யா அடிச்சாரு. ஒருத்தனும் இல்லய்யான்னு சொல்லிக்கிட்டே கெடந்தா. ஆசுபத்திரிக்குப் போனா ஊருக்குத் தெரிஞ்சுருமாம். பத்து மாசம் ஆச்சு, பன்னெண்டு மாசம் ஆச்சு. பிள்ள பொறக்கல. அவதான் செத்துப்போனா. அதுக்குப் பெறகுதான் எல்லாரும் வாய மூடுனாவ. மூடுனவுக அவ பேரையும் சேத்து மூடிட்டாவ."

காபி பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் துடைக்கவில்லை.

"நீயும் அடிச்சியாம்மா?"

"அடிக்கல. ஆனா நானும் கேட்டேன், எவன்னு."

6 ஜூலை, வியாழன்

காலை முதல் பஸ்ஸில் கிளம்பினோம். அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். ஏன் என்று கேட்டதற்குப் பெரிய இடம் என்றாள்.

பெரிய இடம்தான். குளிர்சாதனம், மீன் தொட்டி, சுவரில் அதே ரோஜாப்பூக் குழந்தை. கவுண்டரில் இருந்த பெண் என்னிடம் கேட்காமல் அம்மாவிடம் கேட்டாள். "இவங்களுக்கு மேரேஜ் ஆயிட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முன்னால் நகர்ந்தாள்.

"ஏம்மா, ஒங்க மிஷினு தாலியப் பாத்துட்டுத்தான் படம் புடிக்குமா?"

"இல்ல பாட்டி, ஃபார்முல ஒரு கட்டம்…"

"சொல்ல வேண்டியத அவ டாக்டருட்ட சொல்லியாச்சு. கடுதாசியில இருக்கு. நீ படிச்சுப் பாத்து எழுதிக்க. கையெழுத்து அவ போடுவா. இன்னொண்ணு வேணும்னா நான் போடுதேன். ஆம்பள கையெழுத்துக் கேட்டேன்னா இந்த மீனுக்குள்ள ஆம்பள மீனு இருந்தா அதுகிட்ட வாங்கிக்க."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் கடிதத்தைப் படித்தாள், தலையாட்டினாள், படிவத்தை என் பக்கம் தள்ளினாள். நான் கையெழுத்துப் போட்டேன். அம்மாவுக்கு என்ன தெரியும், எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவளும் என்னைப் பார்க்காமல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருந்த டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். முதலில் என் முகத்தைப் பார்த்தார், பெயரைக் கேட்டார். கருவியைக் காட்டினார். விரலைவிடக் கொஞ்சம் தடிமன், நீளம். புதிய உறை போட்டுப் பசை தடவினார். "இப்ப வைக்கப் போறேன், மூச்ச மெதுவா விடுங்க. வலிச்சா சொல்லுங்க, நிறுத்திருவேன்" என்றார். வலிக்கவில்லை. அழுத்தம் இருந்தது, அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை கையெழுத்து என்று தோன்றியது.

திரையை என் பக்கமும் திருப்பி வைத்தார். கறுப்பு வெள்ளையில் மழைமேகம் மாதிரி ஒன்று. டாப்ளரைப் போட்டதும் ஓரங்களில் சிவப்பும் நீலமும் மினுங்கின. மேகத்தின் உள்ளே நிறம் வருகிறதா என்று நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார்.  நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிக்கும் முன் நீதிபதி தண்ணீர் குடிப்பார். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் அந்த டம்ளரையே பார்ப்பார்கள். ஏன் என்று இன்று தெரிந்தது.

"உள்ள ரத்த ஓட்டம் இல்ல" என்றார். "இது டெர்மாய்டு மாதிரி இருக்கு வடிவு. பெரும்பாலும் சாதுவான கட்டி. உள்ள கொழுப்பு, முடி இருக்கும். சிலதுல பல்லுகூட இருக்கும். இதுலயும் ஒண்ணு இருக்க மாதிரித் தெரியுது. ஆனா இந்த அளவுக்கு இருந்தா சினைப்பையே திருகிக்க வாய்ப்பு உண்டு. எடுத்து, பரிசோதன பண்ணிட்டா உறுதியாச் சொல்லிரலாம்."

வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். "பல்லா?" என்றாள். "எத்தன பல்லு?"

பயந்தேன். ஜூன் 12ஆம் தேதியிலிருந்து இன்றுவரை தினமும் பயந்தேன். முந்தைய பதிவுகளில் உள்ள மாறான வாசகங்கள் ரத்து.

15 ஜூலை, சனி

ஆபரேஷன் முடிந்தது. எழுத முடியவில்லை.

17 ஜூலை, திங்கள்

மூன்று சிறு துளைகள். இடது சினைப்பையையும் சேர்த்து எடுக்க வேண்டியதாயிற்று. வலது நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர் பெர்னதெத். எடுத்ததைத் தட்டில் வைத்து அம்மாவிடம் காட்டியிருக்கிறார்கள். வார்டு முழுவதற்கும் அம்மா சாட்சியம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"ஒரு கொத்து முடி. நல்ல கருகருன்னு. அவ தலையில இருக்கதவிட அடர்த்தி. பல்லு ஒண்ணுதான். முன்பல்லு இல்ல, கடவாப்பல்லு."

27 ஜூலை, வியாழன்

பரிசோதனை முடிவு வந்தது. கேன்சர் இல்லை.

அம்மா பூஜை அறைக்குப் போவாள் என்று நினைத்தேன். உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வர வெகு நேரம் ஆயிற்று. நான் தட்டவில்லை.

18 ஆகஸ்ட், வெள்ளி

மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது. என் மனு 'உரிய நடவடிக்கைக்காக' சம்பந்தப்பட்ட ஸ்கேன் சென்டருக்கே அனுப்பப்பட்டதாம். சென்டர் விரிவாக விசாரணை நடத்தி, தன் மேல் தவறு இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறது. இருப்பினும் பொதுமக்கள் நலன் கருதிப் படிவத்தில் 'திருமணமானவர்', 'திருமணமாகாதவர்' ஆகியவற்றுடன் 'இதர' என்ற புதிய கட்டம் சேர்க்கப்பட்டிருக்கிறது.

மேல்முறையீடு தயார் செய்கிறேன். இந்த முறை ஒன்பது பக்கம்.

7 செப்டம்பர், வியாழன்

நான் சொல்லிச் சித்தியின் விஷயத்தைக் கேட்டதிலிருந்து அம்மாவுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் பெர்னதெத் சொல்லிக்கொண்டிருந்தார். மாதவிடாய் நின்ற பிறகும் சினைப்பையைப் பார்க்க வேண்டும், பிற்பாடு வருவதுதான் அதிகக் கவனம் வேண்டியது என்றார். அறுபத்தெட்டு வயதில் தனக்கு எதற்கு என்று அம்மா ஒரு மாதம் வாதாடினாள். இன்று தோற்றாள்.

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து ஒரு லிட்டர் தண்ணீரைக் கஷாயம் மாதிரி குடித்தாள். முதலில் மேலே வைத்துப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் உள்வழியாக. "எந்த வழியா வேணும்னாலும் பாக்கட்டும். சீக்கிரம் பாக்கட்டும்" என்றாள், காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தபடி.

படிவத்தை நான் நிரப்பினேன். பெயர், வயது, பிரசவம் இரண்டு. குடும்பத்தில் வேறு யாருக்கேனும் நோய் இருந்ததா என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தேன்.

"எழுது" என்றாள். "ஆறுமுகக்கனி. தங்கச்சி. வயசு இருவத்தி மூணு. வயித்துல கட்டி."

எழுதினேன். நாற்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் ஒரு காகிதத்தில் ஏறியது. அம்மா என் தோள் வழியாக ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தாள்.

"கர்ப்பம் இல்லன்னு சேத்து எழுது."

"அதுக்கு இதுல கட்டம் இல்லம்மா."

"ஓரத்துல எடம் இருக்குல்லா?"

இருந்தது. 'கர்ப்பம் இல்லை' என்று எழுதினேன். அம்மா பேனாவை வாங்கி, அதன் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.